பேர்க் கணக்கில் ஐரோப்பா: லுணுகலையிலிருந்து ஒரு வரவு செலவுத் திட்டம்

ஆய்வுச் சுருக்கம்

லுணுகலைப் பக்கத்துத் தோட்டக் குடும்பமொன்று ஐரோப்பிய வரலாற்று நகரமொன்றைப் பார்த்துவிட்டுப் பத்திரமாக வீடு திரும்ப எவ்வளவு செலவாகும் என்ற கேள்வியை இக்கட்டுரை ஆராய்கிறது. ரோமும் வெனிசும் பரிசீலிக்கப்பட்டுத் தக்க காரணங்களோடு நிராகரிக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் நுவரெலியா ஏகமனதாகத் தெரிவானது. பயணச் செலவை ரூபாவில் எழுதுவது பிழை என்றும், பேரில் எழுதுவதே முறை என்றும் நிறுவப்படுகிறது. முடிவுகள் சமையற்கட்டுத் தரப்பின் ஆட்சேபனையால் இன்னும் இறுதி வடிவம் பெறவில்லை.

1. ஆய்வுக் களம்

லுணுகலைக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான தூரத்தைப் புவியியலாளர்கள் இன்றுவரை பிழையாகவே அளந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் வரைபடத்தைப் பார்த்தார்கள், ரோட்டைப் பார்க்கவில்லை. பேராதனையில் தொடங்கும் ஏ5 நெடுஞ்சாலை கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று ஏறி நுவரெலியாவை அடைகிறது. அங்கிருந்து ஹக்கலை, வெலிமடை, ஹாலி-எல, பதுளை, பசறை என்று இறங்கி லுணுகலைக்கு வருகிறது. பிறகு பிபிலையைத் தாண்டிச் செங்கலடியில் முடிகிறது. ஆகவே லுணுகலைக் கடைவீதியில் மேற்கு முகமாக நிற்கும் ஒருவர், ஏ5-ஐ விட்டு விலகாமல் போய்க்கொண்டிருந்தாலே ‘சின்ன இங்கிலாந்து’ எனப்படும் நுவரெலியா வந்துவிடும். வாசலிலிருந்து இங்கிலாந்துக்கு ஒரே ரோடு என்ற பாக்கியம் பாரிஸ்வாசிகளுக்குக்கூட வாய்க்கவில்லை. அவர்களுக்கு இடையில் கடல் இருக்கிறது.

இன்னொரு சான்றும் உண்டு. லுணுகலையைச் சுற்றியுள்ள தோட்டங்களுள் ஒன்று சோலண்ட்ஸ். அதே பெயரில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒரு பகுதி இருக்கிறது. மற்றொன்று ஹொப்டன். அந்தப் பெயரில் இங்கிலாந்தில் பல கிராமங்கள் உள்ளன. எனவே சோலண்ட்ஸில் பிறந்து ஹொப்டனில் பெண் எடுத்த ஒருவர், சட்டப்படி இல்லாவிட்டாலும் தத்துவப்படி, ஸ்கொட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே சம்பந்தம் செய்துகொண்டவராவார். கல்யாணத்துக்கு லொறியில் போய் வந்த உறவினர் அனைவரும் எல்லை கடந்த பயணிகளே. அவர்களிடம் யாரும் விசா கேட்டதில்லை; மொய் மட்டும் கேட்டார்கள்.

2. அளவீட்டு அலகு

பயணத் திட்டம் போடும் உலக மக்கள் டொலரிலும் யூரோவிலும் ரூபாவிலும் எழுதுகிறார்கள். இவை மூன்றும் நம்பத்தகாத அலகுகள். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. தோட்டத்திலோ அசையாத அலகு ஒன்று இருக்கிறது: பேர்.

ஒருவர் ஒரு நாள் வேலையை முழுதாக முடித்தால் செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பேர் விழும். கொழுந்து குறைந்தால், மழை கெடுத்தால், கங்காணியோடு வாய்த்தர்க்கம் முற்றினால் அரைப் பேர். காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக்களத்துக்குப் பிந்தி வந்தால் அன்றைக்கு ஒன்றுமே இல்லை. இதன் ரூபா மதிப்பு மாறிக்கொண்டே வந்திருக்கிறது: 2021-இல் 1000, 2024-இல் 1350, 2026-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளம் 1550-உம் வரவுக்கான ஊக்கக் கொடுப்பனவு 200-உமாக 1750 என்று அறிவிப்பு. ரூபா இப்படி மூன்று முறை மாறியது. பேரின் உள்ளடக்கம் மாறவில்லை. ஏறும் மலை அதே மலை, அட்டை அதே அட்டை, மாலையில் முதுகு வலிக்கும் இடமும் அதே இடம். பொருளியலாளர்கள் தேடித் திரியும் நிலையான நாணயம் ஊவா மாகாணத்தில் அன்றாடம் காலை பிரட்டுக்களத்தில் வெளியிடப்படுகிறது என்பதை இவ்வாய்வு பணிவோடு சுட்டிக்காட்டுகிறது.

3. முன்னோடிப் பயணங்களும் அவற்றின் கணக்குகளும்

3.1 இராவணன். இப்பாதையில் பதிவான மிகப் பழைய பயணி. புஷ்பக விமானத்தில் வந்ததால் எரிபொருள், சாரதி, தரிப்பிடக் கட்டணம் ஆகிய மூன்றும் இல்லை. உடன் வந்தவரின் சம்மதம் பெறப்படவில்லை என்பதால் இதைச் சுற்றுலா வகையில் சேர்க்க இயலாது. ஆயினும் பிற்காலச் செலவுகள் (நகரம் எரிந்தது, படை அழிந்தது, தம்பி கட்சி மாறினார்) புறப்படும்போது போடாத கணக்கு திரும்பும்போது எப்படி வட்டியோடு வரும் என்பதற்கு முதன்மைச் சான்றாகும். ஏ5 சாலையோரத்துச் சீதா எலியவில் சீதையம்மன் கோவில் இருக்கிறது. 2024 மே மாதம் அதற்குக் குடமுழுக்கு நடந்தது. வேன்கள் அங்கே கட்டாயம் நிற்கும். உண்டியல் செலவைத் தனித் தலைப்பில் எழுதவும்.

3.2 சாமுவேல் பேக்கர். 1848-இல் இங்கிலாந்திலிருந்து ஆட்கள், மாடுகள், செம்மறிகள், வேட்டை நாய்கள், குதிரை வண்டி சகிதம் வந்து நுவரெலியாவில் ஆங்கிலக் கிராமம் ஒன்றை நட முயன்றவர். அவருடைய குதிரைக்காரர் மதுபோதையில் வண்டியை மலைப்பாதையில் உருட்டிவிட்டார். மீட்புக்கு ஒரு யானை அனுப்பப்பட்டது. குதிரைக்காரர் அதன் மேலும் ஏறி விரட்டியதில் யானையும் செத்தது. இதைப் பேக்கரே தம் நூலில் எழுதியிருக்கிறார். எந்தப் பயணத் திட்டத்திலும் ‘எதிர்பாராச் செலவு’ என்றொரு வரி ஏன் இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று, எடையின் அடிப்படையில், கிடைக்காது. சாரதியின் போத்தலைப் பரிசோதிக்கும் வழக்கமும் இங்கிருந்தே தொடங்கியிருக்கவேண்டும்.

3.3 தோமஸ் குக். 1841 ஜூலை 5-ஆம் திகதி இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறக்குறைய 500 பேரை ரயிலில் கூட்டிப் போனார். தலைக்கு ஒரு ஷில்லிங். போனது மதுவிலக்குக் கூட்டத்துக்கு. ஆளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்லி, காசை முதலில் வாங்கி, எல்லாரையும் ஒன்றாகக் கூட்டிப்போய், ஒன்றாகக் கொண்டுவந்து சேர்க்கும் முறைக்கு அவர் பெயர் வாங்கினார். மதுவிலக்குக்காகத் தொடங்கிய ஓர் ஏற்பாடு, வேனின் கடைசி சீட்டுக்கு அடியில் வந்து எப்படி முடிந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.

3.4 பெரியகங்காணி. குக்கின் சமகாலத்தவர், அளவில் அவரைவிடப் பெரிய பயண முகவர். ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்து, முன்பணம் கொடுத்துக் கண்டிச் சீமை எனப்பட்ட இலங்கை மலைநாட்டுக்குக் கூட்டி வந்தார். 1901 அளவில் தகர டிக்கட் முறை வந்தது. தோட்டத்தின் இலக்கம் பொறித்த சிறு தகரத் தட்டை உடம்பில் கட்டிக்கொண்டால் போதும், வழியில் யாரும் காசு கேட்கமாட்டார்கள். 1904-இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணைக்குழுவின் அலுவலகமும் ஏற்பட்டது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் ஓடத் தொடங்கியபின் பயணம் இன்னும் வசதியானது. கையில் ஒரு சல்லிக் காசில்லாமல் கடல் கடந்து மலைக்கு வரலாம்!

வந்து சேர்ந்த பிறகுதான் வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்பட்டது. வழிச்செலவு தோட்டத்துக் கணக்கில் ஏறி, அங்கிருந்து பெரியகங்காணி கணக்குக்கு மாறி, அரிசிக் கணக்கோடும் கம்பளிக் கணக்கோடும் கூடிக்கொண்டு தொழிலாளியின் சம்பளத்தில் இறங்கியது. அந்தக் கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. போவதானால் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். எடுக்கும் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுக்கும். இம்முறை 1921-இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. ஆக, மலையகத்தாரின் முதல் பயணக் கணக்கை எழுதியவர் வேறு, கூட்டியவர் வேறு, கட்டியவர் வேறு. வாசகர் இதை நினைவில் வைத்துக்கொள்ளவும். ஏழாம் பகுதியில் தேவைப்படும்.

4. ரோமும் வெனிசும் நிராகரிக்கப்பட்ட விதம்

ஆய்வின் நேர்மை கருதி அசல் ஐரோப்பாவும் பரிசீலிக்கப்பட்டது. ஷெங்கன் விசாவுக்கான கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவருக்கு 90 யூரோ. ஆறு வயது முதல் பன்னிரண்டுக்குள் உள்ள பிள்ளைக்கு 45. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்றால் 270 யூரோ. கணக்கு வசதிக்காக ஒரு யூரோவை 340 ரூபா என்று வைத்துக்கொள்வோம்: 91,800 ரூபா. இதைப் பேருக்கு மாற்றினால், 1350 ரூபாச் சம்பளத்தில் சரியாக 68 பேர். 1750 ரூபாவில் ஏறக்குறைய 52½ பேர். சம்பள உயர்வினால் ஐரோப்பா நமக்கு 15½ பேர் அளவு நெருங்கி வந்திருக்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் இந்த 52½ பேரும் போவதற்கு அல்ல, போகலாமா என்று கேட்பதற்கு. இல்லை என்று பதில் வந்தாலும் கட்டணம் திரும்பாது. தோட்டத்தில் இவ்வளவு செலவில்லாமலே ‘இல்லை’ என்ற பதிலைப் பெற வசதிகள் இருப்பதால் இவ்வழி கைவிடப்பட்டது.

வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், குறித்த சில நாட்களில், இரவு தங்காமல் பார்த்துவிட்டுப் போகிறவர்களிடம் 5 யூரோ வாங்கத் தொடங்கியது. அதாவது ஊருக்குள் நடந்து போவதற்கு ஒரு பேர் சம்பளத்தில் கிட்டத்தட்ட முழுவதும். ரோமில் திரேவி நீரூற்றுக்கு முதுகைக் காட்டி நின்று தோளுக்கு மேலாகக் காசு எறிந்தால் மறுபடி ரோமுக்கு வரலாம் என்பது நம்பிக்கை. அப்படி விழும் காசு ஆண்டுக்குப் பத்து இலட்சம் யூரோவைத் தாண்டுகிறது. அது தர்மகாரியத்துக்குப் போகிறது. ஒரு யூரோ நாணயம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பேர். அதைத் தண்ணீரில் போட்டுவிட்டு, மறுபடி வருவதற்காக இன்னொரு 52½ பேரைச் சேர்க்கவேண்டும் என்பது வேண்டுதலா தண்டனையா என்று பயணத் திட்டக் குழுவினரால் தீர்மானிக்க முடியவில்லை.

இங்கே கடவுச்சீட்டு பற்றி ஒரு குறிப்பு. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. எஞ்சியோருக்கு முழுமையான தீர்வாகச் சட்டம் வந்தது 2003-இல். இடைப்பட்ட 55 ஆண்டுகளில் இவர்களுக்குக் கடவுச்சீட்டுச் செலவு என்ற தலைப்பே பெரும்பாலும் எழவில்லை. இவ்வளவு சிக்கனமான காலம் பயண வரலாற்றில் வேறில்லை. நடுவில் 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேருக்கு வெளிநாட்டுப் பயணம் ஏற்பாடு செய்தது. ஒருவழி டிக்கட் ஆதலால் திரும்பும் செலவு இல்லை. தங்குமிடம் பற்றித் திட்டத்தில் எழுதியிருந்ததும் போய்ப் பார்த்தபோது இருந்ததும் ஒன்றாக இருக்கவில்லை என்று நீலகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தவர்கள் கடிதமெழுதினார்கள்.

5. நுவரெலியா தகுதி பெற்ற விதம்

கடல்மட்டத்துக்கு மேல் 1868 மீட்டரில் இருக்கும் இந்நகரம் ஐரோப்பிய வரலாற்று நகரத்துக்குரிய எல்லா இலட்சணங்களையும் கொண்டது: குளிர், செங்கல், கோட், சகிக்க முடியாத விலை. பார்க்கத்தக்கவற்றை இவ்வாய்வு மூன்றாக வகுக்கிறது.

முதல் வகை, சும்மா பார்க்கக்கூடிய ஐரோப்பா. 1894-இல் கட்டிய செங்கல் தபாலகம் இதில் தலையாயது. இதை ஹோட்டலாக்கும் யோசனை வந்தபோது 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆகவே தபாலகத்தின் முன் நின்று படம் பிடிக்கும் ஒவ்வொரு குடும்பமும் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆளுநர் எட்வர்ட் பான்ஸின் மாளிகையாயிருந்து கிராண்ட் ஹோட்டலாக மாறிய கட்டடத்தின் முகப்பும் இவ்வகையே. உள்ளே தேத்தண்ணி குடித்தால் வகை மாறும்.

இரண்டாம் வகை, டிக்கட் ஐரோப்பா. கொயினாப் பயிருக்காக 1861-இல் தொடங்கிய ஹக்கலைப் பூந்தோட்டம், ஆளுநர் கிரகரியின் காலத்தில் 1873-இல் அமைத்த ஏரி, விக்டோரியா மகாராணியின் வைரவிழாவை ஒட்டி 1897-இல் பெயர் பெற்ற பூங்கா. வருடம் முழுதும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிற்கும் ஒரு குடும்பம், காசு கொடுத்து வேறு செடிகளுக்கு நடுவே போய் நிற்பதன் உளவியல் இன்னும் ஆராயப்படவில்லை. கேட்டபோது ஓர் அக்கா சொன்னார்: “இங்க செடியப் பாத்தா கை தானா நீளுது. அங்க தொடக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்கான். அதுதாங்க லீவு.” இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மூன்றாம் வகை, வெளியே நின்று மட்டும் பார்க்கும் ஐரோப்பா. 1876-இல் தொடங்கிய ஹில் கிளப் இதில் சேரும். அங்கே இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் வேண்டும். கோட் நம்மிடம் உண்டு. அது கல்யாண மாப்பிள்ளைக்கு இரவல் போயிருக்கிறது.

போகும் வழி இரண்டு: வேன், கோச்சி (ரயில்). 1924-இல் பதுளைக்கு வந்த கோச்சியில் ஏறினால் நானுஓயாவில் இறங்கலாம். தெமோதரையில் பாதை வளைந்து தன் இஸ்டேசனுக்கு அடியிலேயே புகுந்து போவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். செலவிலும் குறைவு. ஆனால் எல்லப் பக்கத்தில் அசல் ஐரோப்பியர் ஏறிவிடுவார்கள். அவர்கள் படத்துக்காகக் கதவில் தொங்குவார்கள். நம்மவர் இடமில்லாமல் தொங்குவார்கள். இரண்டு தொங்கலுக்கும் ஒரே பெட்டி. லுணுகலையிலிருந்து பதுளைக்கும், நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கும் மறுபடி பஸ் ஏறவேண்டும் என்பதாலும், ஆறடுக்குச் சோற்றுப் பாத்திரத்தோடு அது ஆகாது என்பதாலும் வேன் வென்றது.

6. களஆய்வு: திட்டக் குழுவின் கூட்டமும் அதில் வெளிப்பட்ட விதிகளும்

கூட்டம் லயத்து இஸ்தோப்பில் நடந்தது. உயர்தரத்தில் வர்த்தகம் படித்த தம்பி ஒருவர் பொருளாளர். அவருடைய சிஆர் கொப்பிதான் மூல ஆவணம்.

“எத்தன ஆளு தம்பி?” என்றார் வேன்காரர்.

“பதினாலுண்ணே.”

“பெரியாள் மட்டுமா, சின்னப்புள்ளையும் சேத்தா?”

“சின்னப்புள்ளையெல்லாம் மடியிலண்ணே.”

“மடி எத்தன?”

இந்த உரையாடலிலிருந்து பெறப்படுவது முதல் விதி: மடியில் இருப்பது ஆளல்ல. இதன் துணை விதி: புறப்படும்போது மடியிலிருந்த பிள்ளை, ஏரியில் படகு டிக்கட் எடுக்கும் இடத்தில் ஆளாகிவிடும்.

இரண்டாம் விதி: லீவும் விலையும் ஒரே நாளில் பிறக்கின்றன. சம்பளம் 10-ஆம் திகதி. சித்திரைப் புத்தாண்டு 14-இல். தோட்டத்துக்கு லீவு, பள்ளிக்கூடத்துக்கு லீவு, கையில் காசு என்ற மூன்றும் கூடும் ஏப்ரலில்தான் நுவரெலியாவில் பூக்கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் நடக்கும் வசந்தகாலச் சீசன். மற்ற மாதங்களில் மலிவு. ஆனால் மற்ற மாதங்களில் நாம் இல்லை.

மூன்றாம் விதி: ஜெர்சி விதி. ஜெர்சி எல்லாரிடமும் இருக்கிறது. வீட்டில் இருக்கிறது. ஹக்கலை தாண்டியதும் இது தெரியவரும். அங்கே ரோட்டோரம் ஜெர்சி தொங்கும் கடைகளை முதலில் போட்டவர் எவரோ, மனித இயல்பைப் பற்றி இவ்வாய்வாளரைவிட அதிகம் அறிந்தவர்.

நான்காம் விதி: வளைவு விதி. பசறைக்கு இந்தப் பக்கமே ஒரு பிள்ளை வாந்தியெடுக்கும். அதைப் பார்த்து இரண்டாவது பிள்ளை எடுக்கும். தேசிக்காய், இஞ்சி டொபி, பொலித்தீன் பை ஆகியவற்றை ‘மருத்துவம்’ என்ற தலைப்பில் எழுதுவதா ‘சுத்திகரிப்பு’ என்ற தலைப்பில் எழுதுவதா என்பதில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது.

ஐந்தாம் விதி: கரட் விதி. திரும்பும் வழியில் கெப்பெட்டிப்பொலயில் வேன் நிற்கும். கரட், லீக்ஸ், பீட்ரூட் வாங்கப்படும். வாங்கிய எவரும் அதைச் செலவு என்று ஒப்புக்கொள்ளமாட்டார், லாபம் என்பார். லுணுகலைக் கடையைவிடக் கிலோவுக்கு 40 ரூபா குறைவு என்றே வைத்துக்கொண்டு பொருளாளர் கணக்குப் பார்த்தார். குடும்பமொன்றின் பயணச் செலவு 14,000 ரூபா என்றால், அதைக் கரட்டிலேயே மீட்க 350 கிலோ வாங்கவேண்டும். கரட்டுக்கு இன்னொரு வேன் பிடிக்கவேண்டும் என்ற விபரம் தெரிந்தபின்னும் யாரும் கரட்டைக் கைவிடவில்லை.

7. கண்டறிந்தவை

பொருளாளரின் கொப்பியில் உள்ள மாதிரிக் கணக்கு வருமாறு. ஒரு குடும்பத்துக்கு வேன் பங்கு 6000, டிக்கட்டும் படகும் 3000, ஜெர்சியும் விளையாட்டுச் சாமானும் 3000, கரட் வகை 2000. மொத்தம் 14,000. ஒரு பேர் 1750 என்றால் சரியாக 8 பேர். விசாவுக்கான 52½ பேருக்கு முன் இது ஒன்றுமேயில்லை. கூட்டம் கைதட்டியது.

இங்கேதான் இவ்வாய்வு ஓர் ஆட்சேபனையை எழுப்பியது. சாப்பாட்டுச் செலவு எங்கே?

“சாப்பாடு வீட்டுல செய்றதுதானே சேர்,” என்றார் பொருளாளர். “அதுக்கென்ன செலவு?”

அரிசியும் கோழியும் தேங்காயும் மாதச் சாமானோடு போய்விட்டன என்பது அவர் வாதம். அதை ஏற்றுக்கொண்டாலும், அவற்றைச் சோறாக்கியது யார்? முதல் நாள் கொழுந்தெடுத்து வந்து, பீலியில் தண்ணீர் பிடித்து, விறகு வைத்து, தேங்காய் துருவி, கோழி வெட்டி, விடியற்காலை ஒரு மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, சோற்றை லஞ்ச் சீட்டில் கட்டி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, கடைசியாக வேனில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தவரின் உழைப்பு ஒரு பேருக்குக் குறையாது. திரும்பி வந்து ஆறடுக்கையும் கழுவி, வாந்திபட்ட உடுப்பைத் துவைத்துக் காயப்போட்டது இன்னொரு பேர். லீவு நாளுக்கு முன்னோ பின்னோ வேலைநாள் ஒன்றையும் சேர்த்துப் பயணம் போனால், கணவன் மனைவி இருவருக்கும் விழாமற்போனது இரண்டு பேர். ஆகக் கொப்பியில் வராதது நான்கு பேர்; அசல் செலவு பன்னிரண்டு. மூன்றிலொரு பங்கு எழுதப்படவேயில்லை. அந்தப் பங்கில் பெரும்பகுதி ஒரே ஆளின் கையிலிருந்து போயிருக்கிறது.

ரூபாவில் எழுதினால் இது கண்ணில் படாது. அந்தக் காசு யார் கையிலிருந்தும் யார் கைக்கும் போகவில்லை. பேரில் எழுதினால் மறைக்க முடியாது, எழும்பியவர் எழும்பியவர்தான். தகர டிக்கட்டுக் காலத்தில் பயணிக்குத் தெரியாத செலவெல்லாம் அவர் பேரில் ஏறியது. இப்போது நம் கையிலேயே கொப்பி இருக்கிறது. செய்த வேலை அதில் ஏறவில்லை. கணக்கு எழுதுகிறவர் மாறியிருக்கிறார். கணக்கில் சேராதவர் இருக்கத்தான் செய்கிறார்.

8. மறுப்புகளும் விடைகளும்

மறுப்பு ஒன்று: “சந்தோசமாப் போற எடத்துல எதுக்குங்க பேர்க் கணக்கு?” விடை: பேக்கர் சந்தோஷமாகத்தான் வந்தார். யானைதான் செத்தது.

மறுப்பு இரண்டு: “பொம்பளைங்க விரும்பித்தான் செய்றாங்க.” விடை: இம்மறுப்பைக் கூறிய ஐவரும் ஆண்கள். இது விரும்பிச் செய்வதா என்று சமையற்கட்டில் கேட்கச் சென்ற பிரதிநிதி தேங்காய் துருவும்படி பணிக்கப்பட்டு, அரை மணி நேரம் கழித்துக் கருத்து மாறித் திரும்பினார்.

மறுப்பு மூன்று: “ஹோட்டல்ல சாப்பிட்டா இந்தப் பிரச்சினையே இல்லையே.” விடை: சீசனில் நுவரெலியாவில் பதினாலு பேரும் அவர்களுடைய மடிகளும் ஹோட்டலில் சாப்பிட்டால், நான்காம் பகுதியில் நிராகரித்த ரோம் மறுபடி பரிசீலனைக்கு வரும் அபாயம் உண்டு.

9. பரிந்துரைகள்

ஒன்று. பயணக் கொப்பியில் ரூபாவுக்கு ஒரு பத்தியும் பேருக்கு ஒரு பத்தியும் கோடு போட்டு வைக்கவேண்டும்.

இரண்டு. மடிகளைப் புறப்படும்போதே எண்ணவேண்டும்.

மூன்று. ஜெர்சிகளை முதல் நாள் இரவே வேனில் ஏற்றவேண்டும். அவற்றை அணிந்துகொள்ள மறந்துவிடுவார்கள். ஆயினும் அவை வேனில் இருக்கும்.

நான்கு. சமையலுக்கும் கழுவலுக்கும் குடும்பத்துக்கு இரண்டு பேர் வீதம் எழுதி, அந்தத் தொகையைச் சமைத்தவர் கையிலேயே, ஏரிக்கரையில் வைத்து, அவர் விரும்பியதை வாங்குவதற்காகக் கொடுக்கவேண்டும்.

நான்காவது பரிந்துரை சமையற்கட்டுத் தரப்பின் பார்வைக்கு அனுப்பப்பட்டது. மூன்று அக்காமாரும் ஒரு பாட்டியும் கொண்ட அந்தச் சபை கலந்துபேசி, காசை மறுத்துவிட்டு, ஒரேயொரு திருத்தத்தோடு திருப்பியனுப்பியது: அடுத்த பயணத்துக்கு ஆம்பிளைகள் ஒரு மணிக்கு எழும்பிச் சமைப்பது, பொம்பளைகள் நேரே வந்து முன் சீட்டில் ஏறுவது, பேரை அவரவர் பேரிலேயே எழுதிக்கொள்வது. “காசு நாங்களே சம்பாதிக்கிறோம் சேர்,” என்று பாட்டி விளக்கமும் சேர்த்தார். “ஒரு நாளைக்கு எங்களுக்கும் ரோட்டு முன்னால தெரியட்டுமே.”

திட்டக் குழு இத்திருத்தத்தை நீண்ட நேரம் விவாதித்தது. ரொட்டி வட்டமாக வருமா, கோழியை யார் வெட்டுவது, முன் சீட்டில் பாட்டி உட்கார்ந்தால் சாரதி பாட்டுப் போடமுடியுமா ஆகிய மூன்று தொழில்நுட்பப் பிரச்சினைகளும் தீர்க்கப்படாததால் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. எனவே வரும் ஏப்ரலுக்கான வரவு செலவுத் திட்டம் இக்கட்டுரை அச்சுக்குப் போகும்வரை நிறைவேறவில்லை. வேன்காரருக்கு மட்டும் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அந்தக் காசைத் தந்தது அக்காமாரின் சீட்டு.